முதலில் நம்புவது யார்?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் அறைக்குள் நுழைந்தால், திரை முழுக்க ஊதாவும் பச்சையுமாக என்னவோ எரிந்துகொண்டிருந்தது. பாழடைந்த கோட்டை, கல் தூண்கள், ஆயுதத்தோடு பாய்ந்து வரும் பூதங்கள். பையன் கையில் ஒரு மந்திரக்கோல். அதன் நுனியில் குட்டிக் குட்டியாகக் கிரகங்கள் முளைத்து, பறந்துபோய் பூதத்தின் நெஞ்சில் வெடித்தன.

"என்னடா இது, பூமியையே எடுத்து அடிக்கறே?"

"அமிட் ஈவில்னு பேரு மாமா. பழசுதான். திரும்ப ஒரு தடவை ஆடிட்டிருக்கேன்."

"அது சரி, உருவமெல்லாம் ஏன் இப்படிக் கட்டம் கட்டமா இருக்கு? கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?"

"வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருக்காங்க. ரெட்ரோ மாமா. உங்க காலத்து கேம் மாதிரி இருக்கணும்னு."

'உங்க காலத்து' என்பது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் பையன் சொன்னது சரி. இரண்டு நிமிடம் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. துப்பாக்கிக்குப் பதில் மந்திரக்கோல், ராணுவ முகாமுக்குப் பதில் கோயிலும் கோட்டையும். இது 1994ல் வந்த 'ஹெரெடிக்' என்ற விளையாட்டின் வாரிசு. செய்தவர்களும் அதை மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

"எப்ப வாங்கினே?"

"2018லயே வாங்கிட்டேன். அப்ப முழுசா முடிஞ்சிருக்கலை. அடுத்த வருஷம்தான் முழுசா வந்தது."

எனக்குள் இருந்த பி.காம். சட்டென்று முழித்துக்கொண்டது. "முடியாத சாமானுக்கா காசு குடுத்தே? அவன் முடிக்காமப் போயிருந்தா?"

"போயிருந்தா போச்சு மாமா. நம்பித்தானே குடுக்கறது."

சொல்லிவிட்டு அவன் அடுத்த பூதத்தின் மேல் கிரகத்தை எறியப் போய்விட்டான். அந்தக் கடைசி வாக்கியம்தான் என் கூடவே பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. நம்பித்தான் கொடுப்பது. சரி, யார் யாரை நம்புவது? யார் முதலில் நம்புவது? நம்பப்பட்டவன் தலையில் என்ன ஏறுகிறது?

பி.காம். முதல் வருடத்தில் எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார். சாமான் இன்னும் கொடுக்கவில்லை. அந்தப் பத்தாயிரத்தைக் கணக்கில் எங்கே எழுதுவாய்? வகுப்பே ஒரே குரலில் "இன்கம் சார்" என்றது. பணம் வந்தால் வருமானம்தானே!

அவர் சிரித்தார். "அது உன் காசு இல்லடா. சாமானைக் குடுக்கற வரைக்கும் அது அவன் காசு. உன் பெட்டியில படுத்துத் தூங்குது, அவ்வளவுதான்."

ஆகவே அட்வான்ஸை எழுத வேண்டிய இடம் பேலன்ஸ் ஷீட்டில் 'லயபிலிட்டி' பக்கம். கொடுக்க வேண்டியது என்ற பக்கம். பெட்டி கனக்கக் கனக்கப் பொறுப்பும் கனக்கிறது என்று அர்த்தம். மூன்று வருடம் படித்ததில் பாதிக்கு மேல் மறந்து போயிற்று. இது மட்டும் மறக்கவில்லை. இது கணக்குப் பாடம் மாதிரி தெரியும். உண்மையில் ஒழுக்கப் பாடம்.

எந்த வியாபாரத்திலும் ஒரு கை முதலில் நீண்டே ஆக வேண்டும். டீக்கடையில் முதலில் குடிக்கிறோம், பிறகு காசு கொடுக்கிறோம். கடைக்காரர் நம்மை நம்புகிறார். பஸ்ஸில் முதலில் டிக்கெட், பிறகு பயணம். நாம் கண்டக்டரை நம்புகிறோம். பழக்கத்தில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு வியாபாரத்தில் மட்டும் ஒரு விநோதம் நடந்தது. முதலில் நீளும் கை, சுமார் இருபது வருடத்தில் அப்படியே தலைகீழாக மாறிவிட்டது.

கதை அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆரம்பிக்கிறது. ஸ்காட் மில்லர் என்பவர் சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது 'ஷேர்வேர்' என்று ஒரு முறை இருந்தது. மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிடுவது. பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்வது. மனிதர்களுக்குப் பிடிக்கும், ஆனால் பணம் அனுப்ப மறந்துவிடும். மில்லர் 1987ல் 'கிங்டம் ஆஃப் க்ராஸ்' என்ற விளையாட்டில் ஒரு மாற்றம் செய்தார். விளையாட்டைப் பாகங்களாகப் பிரித்து, முதல் பாகத்தை முழுதாக, குறையில்லாமல், இலவசமாக விட்டார். மிச்சம் வேண்டுமா? காசு அனுப்பு. அப்போஜி என்ற அவருடைய கம்பெனி இந்த ஒரு யோசனையில் வளர்ந்தது.

அந்த வழியில் வந்தவர்கள்தான் 'இட் சாஃப்ட்வேர்' பையன்கள். 1993 டிசம்பர் 10ஆம் தேதி 'டூம்' விளையாட்டின் முதல் பாகத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் ஏற்றுவதற்கே வழியில்லாமல் திணறினார்கள் என்பது இந்தத் துறையில் புராணக் கதை. முதல் பாகம் எல்லோருக்கும் இலவசம். யார் வேண்டுமானாலும் ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அடுத்த இரண்டு பாகத்துக்குத்தான் விலை.

அதே விஸ்கான்சினில் பிரையன், ஸ்டீவ் ராஃபெல் என்று அண்ணன் தம்பி இருவர் 1990ல் ஆரம்பித்த கம்பெனி, ரேவன் சாஃப்ட்வேர். டூமின் எஞ்சினை வாங்கி, அதில் மேலே கீழே பார்க்கும் வசதி, பறக்கும் வசதி, மந்திரப் பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி எல்லாம் சேர்த்து, ஹெரெடிக்கை 1994 டிசம்பர் 23ல் வெளியிட்டார்கள். வெளியிட்டது இட் சாஃப்ட்வேர். அதிலும் முதல் பாகம் இலவசம்.

கவனியுங்கள். முழு விளையாட்டும் தயார். உழைப்பு மொத்தமும் போட்டாயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்கை, அதுவும் ருசியான முதல் பங்கை, முன்பின் தெரியாத உலகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நீட்டப்பட்ட கை, செய்தவனுடைய கை.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுவது நல்லது.

அந்த முதல் பாகம் என்னையும் வந்து அடைந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வரும் சி.டி.யில் இருந்தது. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில், அவன் அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள், எத்தனை முறை முடித்திருப்போம் என்று கணக்கே இல்லை. அதில் ஒரு மந்திர முட்டை வரும். எதிரி மேல் எறிந்தால் அவன் கோழியாகிவிடுவான். வாத்தியார்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி எறிவோம்.

ஒவ்வொரு முறை முடிக்கும்போதும், மிச்சக் கதை வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்று மரியாதையாகக் கேட்கும். நாங்கள் வாங்கவில்லை. டாலரில் பணம் அனுப்புவது எப்படி என்றே தெரியாது என்பது உண்மை. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டோம் என்பதும் உண்மை. 50 ரூபாய் கொடுத்து ஒரு கடையில் திருட்டு சி.டி. வாங்கினோம். முழு விளையாட்டும் இருந்தது.

அதில் ஒரு கூத்து. டூமில் ஐந்து எழுத்துத் தட்டினால் சாகாவரம் கிடைக்கும். அதே எழுத்துகளை ஹெரெடிக்கில் தட்டினேன். என் ஆள் சுருண்டு விழுந்து செத்துப்போனான். ஏமாற்றவா பார்க்கிறாய், செத்துப் போ என்கிற மாதிரி ஒரு கேலி வாசகம் வேறு. டூம் பழக்கத்தில் வருகிறவன் இதைத்தான் தட்டுவான் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்! விழுந்து விழுந்து சிரித்தோம். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று அன்றைக்கு உறைக்கவில்லை. முதல் பாகத்தை என்னை நம்பிக் கொடுத்தான். மிச்சத்தை நான் அவன் முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டேன். வாத்தியார் சொன்ன லயபிலிட்டி பக்கத்தில், என் பெயரில் அன்றைக்கே ஒரு வரி ஏறிவிட்டது.

இப்போது மருமகனின் காலத்துக்கு வருவோம்.

2013 மார்ச்சில் வால்வ் நிறுவனம் தன்னுடைய 'ஸ்டீம்' இணையக் கடையில் 'எர்லி ஆக்சஸ்' என்று ஒரு கவுன்டர் திறந்தது. விளையாட்டு முடிவதற்கு முன்பே விற்கலாம். வாங்கினவர்கள் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வார்கள். வருகிற காசில், அந்தக் குறைகளைச் சரி செய்தபடியே செய்து முடிக்கலாம். பெரிய முதலாளி இல்லாத சின்னக் குழுக்களுக்கு இது பெரிய வரம். பழைய பாணி விளையாட்டுகள் மறுபடி தலை தூக்கியதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். 1990களின் கட்டம் போட்ட பூதங்களுக்காக எந்தப் பெரிய கம்பெனி பணம் போடும்?

ஆக, நீளும் கை மாறிவிட்டது. அன்றைக்கு முடித்த சாமானில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுச் செய்தவன் காத்திருந்தான். இன்றைக்கு முடியாத சாமானுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வாங்கினவன் காத்திருக்கிறான்.

அமிட் ஈவில் இந்த வழியில்தான் வந்தது. செய்தவர்கள் 'இன்டிஃபாட்டிகபிள்' என்ற மிகச் சின்னக் குழு. அந்தப் பெயருக்குச் சளைக்காதவர்கள் என்று பொருள். பழைய விளையாட்டுகளைப் பிரித்து மேய்ந்து, ஆசைக்காகப் புதிய பாகங்கள் செய்து இணையத்தில் சும்மா கொடுத்துப் பழகியவர்கள். 2018 மார்ச் 12ல் முடியாத நிலையில் விற்பனைக்கு வைத்தார்கள். 2019 ஜூன் 20ல் ஏழு அத்தியாயங்களோடு முடித்துக் கொடுத்தார்கள். பதினைந்து மாதம். என் மருமகன் நம்பியது வீண் போகவில்லை. கணக்கு நேர்.

எல்லாக் கணக்கும் இப்படி நேராவதில்லை. அதே ஜாதியைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டு, 'ராத்: ஏயன் ஆஃப் ரூயின்'. அதிலும் பாழடைந்த உலகம், கோட்டை, மந்திரம். 2019 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்த நவம்பரில் ஒரு கரண்டி மட்டும் எர்லி ஆக்சஸில் பரிமாறினார்கள். ருசி பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். மிச்சம்? 2021 பிப்ரவரி என்று தேதி சொன்னார்கள். வரவில்லை. பிறகு 2022 என்றார்கள். அதுவும் போயிற்று. நடுவில் கொரோனா வந்தது. வெளியீட்டாளர்களில் ஒருவரான 3டி ரெல்ம்ஸ், 2021ல் எம்பிரேசர் என்ற பெரிய குழுமத்தின் கைக்குப் போனது. 2023 கடைசியில் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. எல்லாம் தாண்டி, 2024 பிப்ரவரி 27ல் ராத் முழுதாக வெளியானது. மூன்று உலகங்கள், பதினைந்து பெரிய களங்கள். முதல் நாளே காசு கொடுத்தவர்கள் நாலே கால் வருடம் காத்திருந்தார்கள்.

இந்த 3டி ரெல்ம்ஸ் யார் தெரியுமா? 1987ல் முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்த அதே ஸ்காட் மில்லரின் அப்போஜிதான். 1990களில் பெயர் மாற்றிக்கொண்டது. 2014ல் கைமாறி டென்மார்க் போய்ச் சேர்ந்தது. 'முதலில் எடுத்துக்கோ, பிறகு காசு கொடு' என்று தொழில் ஆரம்பித்த பரம்பரைப் பெயர்ப் பலகையின் கீழே, 'முதலில் காசு கொடு, பிறகு தருகிறேன்' என்ற வியாபாரம். ஆட்கள் வேறு, காலம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது.

இங்கே ஒரு வாதம் வரும். "ஸார், ஸ்டீம்ல தெளிவா எழுதியிருக்காங்க. இது முடியாத விளையாட்டு, இதற்கு மேல் மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போது இருக்கிற நிலையிலேயே விளையாட ஆசை இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் பொறுத்திரு என்று. படிச்சுட்டுத்தானே காசு குடுக்கறான்? அப்புறம் என்ன பொறுப்பு, லயபிலிட்டி எல்லாம்?"

சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். 2015லிருந்து ஸ்டீமில் பணம் திருப்பிக் கொடுக்கும் வசதிகூட உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் திருப்பிக் கேட்கலாம். ஆனால் நாலு வருடக் காத்திருப்புக்குப் பதினாலு நாள் எந்த மூலைக்கு?

என் சந்தேகம் வேறு. முடியாத விளையாட்டை ஒருவன் எதற்காக வாங்குகிறான்? இருக்கிற பாதிக்காக மட்டுமா? அப்படியானால் விற்கிறவன், வரப்போகும் களங்களையும் வரப்போகும் ஆயுதங்களையும் ஏன் பட்டியல் போட்டுக் காட்டுகிறான்? ஒரு கையால் நாளைய விருந்தைக் காட்டிவிட்டு, இன்னொரு கையால் 'விருந்துக்கு நான் பொறுப்பில்லை' என்று போர்டு மாட்டினால், போர்டு கோர்ட்டில் செல்லும். மனசாட்சியில் செல்லாது. நம்பிக்கையைக் கிளப்பிவிட்டுத்தான் காசு வாங்கினோம் என்பது அவனுக்கே தெரியும்.

அப்படியானால் ராத் செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்களா? மாட்டேன், அப்படிச் சொல்ல மாட்டேன். தாமதம் ஒரு குற்றம், கை விரிப்பது வேறு குற்றம். இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது. கொரோனாவும் கம்பெனி கைமாற்றமும் ஆட்குறைப்பும் தாண்டி, விட்டுவிட்டு ஓட ஆயிரம் சாக்கு இருந்தும், முடித்து மேசையில் வைத்தார்களே, அது கடனை அடைத்தவன் செய்கிற காரியம். வட்டி கொடுக்கவில்லை, அசல் கொடுத்தார்கள். எத்தனையோ எர்லி ஆக்சஸ் விளையாட்டுகள் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோகின்றன. அறிவிப்பு கிடையாது, மன்னிப்பு கிடையாது. கடை திறந்தே இருக்கும், காசு வாங்கிக்கொண்டே இருக்கும், சமையல்கட்டில் மட்டும் ஆள் இருக்காது. 2025ல் ஸ்டீமே, ஒரு வருடத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாத இப்படிப்பட்ட விளையாட்டுகளின் பக்கத்தில் அதை எழுதிக் காட்ட ஆரம்பித்தது. அந்த மௌனத்தைத்தான் நான் கெட்டது என்கிறேன். முடியவில்லை என்று வாய் திறந்து சொல்கிறவனிடம் கோபப்படலாம், மரியாதையும் வைக்கலாம். பேசாமலிருப்பவன், அடுத்தவன் காசை வருமானம் பக்கத்தில் எழுதிக்கொண்டவன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அட்வான்ஸ் கொடுத்தவனுக்கும் ஒரு வியாதி வரும். பணம் கொடுத்துவிட்டோம், ஆளையே வாங்கிவிட்டோம் என்ற நினைப்பு. தேதி தள்ளிப்போனால் இணையத்தில் அந்தச் சின்னக் குழுவின் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கித் தருவது சாமானின் மேல் உரிமை, அதுவும் வந்த பிறகு. செய்கிறவன் தூக்கத்தின் மேல் உரிமை அதில் சேர்த்தியில்லை. நம்பிக் கொடுப்பது என்றால், கொடுத்த பிறகு கொஞ்ச நாள் நம்பிக்கொண்டும் இருக்க வேண்டும்.

ஆக ஒரு பக்கம் செய்தவன் நம்பினான், இன்னொரு பக்கம் வாங்கினவன் நம்பினான். இவற்றில் சேராத மூன்றாவது கணக்கு ஒன்றும் இந்தக் கதையில் இருக்கிறது.

இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் என்ற புரோகிராமர், தன் விளையாட்டுகள் விற்று ஓய்ந்ததும் அவற்றின் மூல நிரலை உலகத்துக்குத் திறந்துவிடுவார். 1996ல் வந்த 'குவேக்' விளையாட்டின் நிரலை 1999 டிசம்பரில் 'ஜி.பி.எல்.' உரிமத்தில் வெளியிட்டார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அதை வைத்துச் செய்ததைக் காசுக்கும் விற்கலாம். நிபந்தனை ஒன்று: நிரலை மாற்றி வெளியே கொடுத்தால், மாற்றியதையும் இதேபோல் அடுத்தவனுக்குத் திறந்து கொடுக்க வேண்டும். எனக்குத் திருப்பித் தராதே, உனக்குப் பின்னால் வருகிறவனுக்குத் தா என்கிற கணக்கு.

அந்த நிரலைப் பலர் இருபது வருடம் செப்பனிட்டார்கள். அதை வைத்து ஆயிரக்கணக்கான களங்களை, பைசா வாங்காமல், ஆசைக்குச் செய்து பழகினார்கள். அந்த வழியில் வளர்ந்த எஞ்சினில்தான் ராத் ஓடுகிறது. அதன் களங்களைக் கட்டினவர்களில் பலர் குவேக்குக்குச் சும்மா களம் கட்டிக் கை பழகினவர்கள். 1999ல் கொடுத்தபோது, 2024ல் யார் வீட்டில் இது முளைக்கும் என்று கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நம் வாத்தியார் இதை எந்தப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லித் தந்த இரண்டு பக்கத்தில் இதற்கு இடமே கிடையாது.

கடைசியாக, என் பாக்கி.

2025 ஆகஸ்டில் ஹெரெடிக்கும் அதன் தம்பியான 'ஹெக்ஸன்'னும் ஒன்றாக, இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி சீர் செய்து, புதிய அத்தியாயங்களோடு மறுபடி வெளிவந்தன. செய்தியைப் பார்த்த அன்றே காசு கட்டி வாங்கினேன். திருட்டு சி.டி. வாங்கி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம்.

அப்புறம் கணக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நான் கொடுத்த காசு யாருக்குப் போகிறது? ராஃபெல் சகோதரர்கள் 1997லேயே ரேவனை ஆக்டிவிஷனுக்கு விற்றுவிட்டார்கள். அதாவது நான் அந்த 50 ரூபாய் சி.டி.யை வாங்கியபோதே கடை கைமாறிவிட்டது. இட் சாஃப்ட்வேரின் தாய்க் கம்பெனியை 2021ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2023ல் ஆக்டிவிஷனையும் வாங்கியது. என்னை நம்பி முதல் பாகத்தை அனுப்பியவர்கள் விஸ்கான்சினில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். நான் பாக்கியைக் கொண்டுபோய்க் கட்டியது, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் கல்லாவில். என்னைத் தெரியாதவனுக்குக் கட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என்னை நம்பாதவனுக்குக் கட்டினேன்.

பி.காமில் வணிகச் சட்டம் என்று ஒரு பாடம். 1963ஆம் வருட லிமிடேஷன் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு 3 வருடம் கெடு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் பிறகு கோர்ட் கதவு திறக்காது. ஆனால் கடன் செத்துவிட்டது என்று சட்டம் சொல்வதில்லை. கேட்கிற வழிதான் அடைபடுகிறது. அது மட்டுமல்ல. கைம்மாறு இல்லாத வாக்குறுதி செல்லாது என்று சொல்லும் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 25வது பிரிவு, சில விலக்குகள் வைத்திருக்கிறது. கெடு தாண்டிய கடனைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த வாக்கு செல்லும். என்னுடையது கடன் வழக்கே இல்லை, தெரியும். ஆனாலும் அந்தப் பிரிவை எழுதினவருக்கு மனிதனைத் தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாத கடனையும் ஒருவனுக்கு அடைக்கத் தோன்றும், அந்த வழியை மூடிவிடாதே என்று நினைத்திருக்கிறார்.

மைக்ரோசாஃப்டுக்குப் போன காசு விலைக்குச் சரி. விலை என்பது பாக்கியில் பாதிதான். மிச்சப் பாதி, ஒருவன் முன்பின் தெரியாத என்னை நோக்கி முதலில் நீட்டிய கை. அதைப் பணமாக மாற்றிக் கட்ட எந்தக் கல்லாவும் இல்லை. அந்தக் கையைத் திருப்பி நீட்டத்தான் முடியும். அவனிடம் நீட்ட முடியாவிட்டால், இன்னொருவனிடம்.

போன வாரம் அக்கா மகனைக் கூப்பிட்டேன். பழைய பாணியில், கோட்டையும் மந்திரமுமாக, இன்னும் முடியாத ஒரு விளையாட்டு; செய்கிறவர்கள் இரண்டே பேர்; எர்லி ஆக்சஸில் இருக்கிறது. "இதை எப்படிடா வாங்கறது?" என்று கேட்டேன்.

"மாமா, இதுல பாதிதான் இருக்கு."

"தெரியும்டா."

"முடிக்காமப் போயிட்டாங்கன்னா?"

"போனா போகட்டும். ஏற்கெனவே ஒருத்தன் என்னை நம்பிக் கெட்டிருக்கான். இந்தத் தடவை என் முறை."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல, "சரி மாமா" என்றான்.